பப்பாளி மேல் பழி

என் மதினிக்கு மூன்றாவது கரு கலைந்த அன்று, கொட்டாம்பட்டி வீட்டுத் திண்ணையில் கூடிய பெண்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "பப்பாளி தின்னியாடி?"

2001ஆம் வருஷம் அது. நான் மதுரையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மதினி என்றால் பெரியப்பா மகனின் மனைவி. "இல்லை" என்றாள். அன்னாசி? இல்லை. எள்ளுருண்டை? இல்லை. ராத்திரியில் புளியமரத்தடிப் பக்கம் போனாயா? போகவில்லை. கேள்விகள் தீர்ந்ததும் அப்பத்தா தீர்ப்புச் சொன்னார்: "வாயைக் கட்டத் தெரியாதவ, வயித்தை எப்படிக் காப்பா?" மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு போன மருத்துவமனையிலும் முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. என்ன சாப்பிட்டீங்க?

அதே திண்ணையின் மூலையில் ஒரு பழைய பெயிண்ட் வாளி கிடந்தது. அதற்குள் சின்னச் சின்ன பாலிதீன் பைகள், ஒரு நூல்கண்டு, பிளேடு, மூடி சரியாகத் திருகாத மருந்து பாட்டில். அந்த வாளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இளங்கலையும் முடித்து முதுகலை படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத இருபது வருஷத்துக்கு மேலாகியிருப்பது என் வெட்கம்.

கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ள ஊர். அந்த வருஷங்களில் தென்னைக்குப் புதிதாக ஒரு கேடு வந்தது. 1998இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட ஈரியோபைட் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிலந்தி, ஓரிரு வருஷத்தில் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் பரவியது. குரும்பையிலேயே காயைப் பிடித்துச் சுரண்டும். காய் சிறுத்து, மட்டை வெடித்து, சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். வியாபாரி அந்தக் காயைக் கையால் தொட மாட்டான். அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட வழிகளில் ஒன்று, வேர் வழியாக மருந்து கட்டுவது. மரத்துக்குச் சற்றுத் தள்ளி மண்ணைத் தோண்டி, பென்சில் கனத்தில் ஓர் உயிருள்ள வேரைத் தேடிச் சாய்வாக வெட்ட வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தையும் தண்ணீரையும் சம அளவு கலந்து சின்னப் பையில் ஊற்றி, வெட்டிய வேரை அதற்குள் விட்டு நூலால் இறுகக் கட்ட வேண்டும். வேர் மருந்தைக் குடிக்கும். மரம் முழுவதும் மருந்து ஏறும்.

தோண்டுவது ஆண் வேலை. அதற்குக் கூலி உண்டு. மருந்தைக் கலந்து பையில் ஊற்றி முடிச்சுப் போடுவது விரல் வேலை, பெண் வேலை. சொந்தத் தோப்பு என்பதால் மதினிக்குக் கூலியும் கிடையாது. கையுறை என்ற சொல்லே அந்த வீட்டில் இல்லை. வேலை முடிந்ததும் அரப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உலை வைப்பாள். அண்ணனின் மருந்து பட்ட சட்டையையும் அவள்தான் துவைப்பாள்.

மதினியின் கருக்கள் அந்த மருந்தால்தான் கலைந்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கரு கலைய நூறு காரணம் இருக்கலாம். நான் சொல்வது வேறு. பழுத்த பப்பாளிக்கு எதிராகவும் யாரிடமும் ஆதாரம் இருக்கவில்லை. ஆனாலும் விசாரணை பப்பாளியிலிருந்து தொடங்கி அவள் வாயிலேயே முடிந்தது. நரம்பு மண்டலத்தை முடக்கிப் பூச்சியைக் கொல்லும் ஒரு ரசாயனம் அவள் விரலில் வழிந்துகொண்டிருந்தது. அது விசாரணைக்கே வரவில்லை. ஒரு பெண்ணின் உடம்பில் ஏதாவது தவறினால் அவள் என்ன செய்தாள் என்று கேட்கிறோம். அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்பதில்லை.

*

இன்றைக்கு உணவில் நஞ்சு என்பது எல்லாரும் பேசும் பேச்சாகிவிட்டது. வாட்ஸப்பில் வருகிறது, பட்டிமன்றத்தில் வருகிறது, வார இதழின் சமையல் இணைப்பில் வருகிறது. எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அடுக்களை. காய்களை உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். மஞ்சள் கலந்த நீரில் அலசுங்கள். திராட்சையை வினிகரில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக எதையும் போடாதீர்கள். மசாலாவைக் கடையில் வாங்காதீர்கள், வீட்டில் அரையுங்கள். இந்த வினைச்சொற்களுக்கெல்லாம் எழுவாய் யார்? தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினைமுற்றுக்கு எழுவாய் தோன்றா எழுவாயாக நிற்கும் என்று வகுப்பில் நடத்துகிறேன். இங்கே தோன்றாமல் நிற்பவள் பெண். ஆணைப் பார்த்து யாரும் "அலசுங்கள்" என்று சொல்வதில்லை.

காயைக் கழுவுவது நல்லதுதான். தோலின் மேல் படிந்த மருந்தில் ஒரு பகுதி போகும். ஆனால் வேர் வழியாகக் குடித்து, தண்டில் ஏறி, இளநீருக்குள் போய்ச் சேரக்கூடிய மருந்தை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது? ஊடுருவிப் பாயும் மருந்துகள் என்றே அவற்றுக்குப் பெயர். அதனால்தான் அந்தப் பரிந்துரையிலேயே எச்சரிக்கையும் உண்டு. மருந்து கட்டுவதற்கு முன் முற்றிய காய்களை வெட்டிவிட வேண்டும், கட்டிய பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது. இந்த 45 நாள் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி தன் கணக்குப்படி வருவான். திருச்சி நெடுஞ்சாலையோரம் இளநீர் குவித்து விற்கும் அக்காவுக்கு, எந்தக் காய் எந்த மரத்தது, அந்த மரத்துக்கு என்றைக்கு மருந்து கட்டினார்கள் என்று எப்படித் தெரியும்? காரை நிறுத்தி, கர்ப்பிணி மகளுக்குக் குளிர்ச்சி என்று வாங்கிக் கொடுக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? இவர்கள் யாருமே செய்யாத தவறை இவர்கள் யாரும் கழுவித் தீர்க்க முடியாது.

இதே மோனோகுரோட்டோபாஸ்தான் 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில், ஒரு பள்ளியின் மதிய உணவில் எண்ணெய் வழியாகக் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது. சமைத்த பெண், எண்ணெயின் வாடை சரியில்லை என்று சொன்னதாக அப்போதே செய்திகள் வந்தன. மூக்கு இருந்தது, அறிவு இருந்தது. சமையலை நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவளுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்பின் முழுப் பொறுப்பையும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அதிகாரத்தில் ஒரு துளியைக்கூடக் கொடுக்காத நாட்டின் கதை அந்தச் சமையலறையில் இருக்கிறது.

*

எங்கள் பக்கம் பிரசவம் ஆனதும் கேட்கும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்திருச்சா?" மாடு ஈன்றாலும் இதையே கேட்பார்கள். குழந்தையைத் தாயோடு இணைத்து உணவூட்டும் உறுப்புக்குத் தமிழில் நஞ்சுக்கொடி என்று பெயர். பிறந்த பிறகும் அது உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கு நஞ்சு, அதனால் அந்தப் பெயர் என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். உயிர் கொடுக்கும் கொடிக்கு நஞ்சின் பெயரா என்று ஒரு கவிதையில் நான் வியந்து எழுதியதுண்டு. இப்போது அந்த வியப்பு இல்லை. 2021இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு பெண்களின் நஞ்சுக்கொடிகளைப் பார்த்தார்கள். நான்கில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. பெயர் தன் பொருளை இப்போது தேடிக்கொண்டு வந்துவிட்டது.

வெகுகாலம் மருத்துவம், நஞ்சுக்கொடி ஒரு காவல் சுவர், தாயின் உடம்பிலுள்ள நஞ்சு அதைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்று நம்பியது. அந்த நம்பிக்கையை உடைத்த இடங்களில் ஒன்று ஜப்பானின் மினமாட்டா. சிஸோ என்னும் ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசம் மீனில் ஏறியது. மீனைத் தின்ற பூனைகள் வெறிபிடித்து ஆடின. மனிதர்களுக்குக் கை கால் இழுத்தது, பேச்சுக் குழறியது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆனால் அதே ஊரில் மீனே தின்னாத கைக்குழந்தைகளும் அதே கோளாறோடு பிறந்தன. பிறவிக் கோளாறு, வேறு நோய் என்று மருத்துவர்கள் பிரித்துவைத்தார்கள். தாய்மார்கள் ஒப்பவில்லை. பிள்ளையைச் சுமந்தபோது தின்றது நாங்கள்தான், எங்கள் வழியாகத்தான் போனது என்றார்கள். அந்தத் தாய்களில் பலருக்கு நோயின் குறி குறைவாகவே இருந்தது. அவர்கள் உடம்பிலிருந்த பாதரசத்தின் ஒரு பங்கைக் குழந்தை வாங்கிக்கொண்டிருந்தது. 1962இல்தான் அந்தக் குழந்தைகளுக்கும் மினமாட்டா நோயென்று ஏற்றுக்கொண்டார்கள். ஆலை 1968 வரை கழிவை விட்டது.

பிறகு ஆதாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானியத் தாய்மார்கள், குழந்தையின் உலர்ந்த தொப்புள்கொடியைச் சின்னப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நம் ஊரில் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டுவோமே, அதுபோல. ஆய்வாளர்கள் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பாதரசத்தை அளந்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய வருஷங்களில் கொடிகளிலும் பாதரசம் ஏறியிருந்தது. மூடநம்பிக்கை என்று சிரிக்கக்கூடிய ஒரு பெண் வழக்கம், ஒரு பெரிய ஆலைக்கு எதிரான சாட்சியமானது. அந்த ஊரின் துயரத்தை உலகுக்கு எழுதிக் காட்டியவரும் ஒரு பெண்தான். இஷிமுரே மிச்சிகோ, பல்கலைக்கழகப் பேராசிரியரோ விஞ்ஞானியோ அல்லர், வீட்டைப் பார்த்துக்கொண்டு எழுதியவர். 1969இல் அவர் புத்தகம் வந்தது.

பாதரசம் நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை, அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்டு இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்த பிறகு 2001இல் அது மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016இல். மதினியின் திண்ணையில் பப்பாளி விசாரணை நடந்த அதே வருஷத்தில்தான், பக்கத்து மலையில் அந்த ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

*

எல்லா நஞ்சும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மோனோகுரோட்டோபாஸ் போன்றவை உடனே தாக்கும், உடம்பில் நெடுநாள் தங்காது. டிடிடி, டையாக்ஸின் போன்றவை கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் அசையாது. புல்லில் கொஞ்சம், புல்லைத் தின்ற மாட்டில் இன்னும் கொஞ்சம், பாலைக் குடித்த மனிதரில் அதைவிட அதிகம் என்று படிக்குப் படி கூடும். அந்த ஏணியின் உச்சியில் மனிதர் இருப்பதாகப் பாடநூல் சொல்லும். உச்சிக்கும் மேலே இன்னொரு படி இருக்கிறது. அங்கே முலைப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது. பாடநூல்கள் அந்தப் படியை வரைவதில்லை. வரைந்தால் தாயை ஒரு படியாக வரைய வேண்டும்.

2004இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டை அண்டி வாழ்ந்த தாய்மாரின் பாலைச் சோதித்தது. குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்ஸின், குப்பைமேட்டிலிருந்து விலகி வாழ்ந்த பெண்களின் பாலைவிட அவர்களின் பாலில் அதிகமாக இருந்தது. எப்படி வந்திருக்கும் என்று தேடினார்கள். குப்பைமேட்டில் மேயும் மாடுகளின் பால் ஒரு வழியாக இருக்கலாம் என்றார்கள். நகரம் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் எரிந்து, மாட்டின் மடிக்குப் போய், ஏழைப் பெண்ணின் மார்புக்கு வந்து, அவள் பிள்ளையின் வாயில் இறங்குகிறது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி எந்த அறிவாளியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பெரிது. பயந்துபோய்ப் பால்பவுடர் டப்பா வாங்க ஓடினால் அதுவும் ஒரு கம்பெனிக்கு லாபம், அவ்வளவுதான். நிறுத்த வேண்டியது குப்பை எரிப்பதை.

இங்கேதான் என் கோபம் இரண்டு பக்கமும் திரும்புகிறது. ஒரு பக்கம் மருந்துக் கம்பெனி. மறுபக்கம், இயற்கை உணவு மேடைகளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசும் சில ஐயாக்கள். "அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், ஒரு நோயும் இல்லை. இன்றைக்குப் பொம்பளைங்க வேலைக்குப் போறாங்க, பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டுறாங்க" என்பார்கள். கூட்டம் கைதட்டும். கைதட்டுகிறவர்களில் பெண்களும் இருப்பார்கள். என் அப்பத்தா உரலில் இடித்தார். ஐம்பது வயதில் அவர் முதுகு வளைந்துபோனது எந்த மேடையிலும் ஏறவில்லை. அவர் பெற்ற எட்டில் மூன்று தங்கவில்லை என்பதும் ஏறவில்லை. ஆற்றில் சாயக்கழிவை விட்டவனையும் வயலில் விஷத்தைத் தெளிக்கச் சொன்னவனையும் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற பெண்ணின் மிக்ஸியில் நோயைக் கண்டுபிடிப்பது வசதியான அறிவியல்.

இன்னொரு வசதியும் வந்துவிட்டது. நகரத்தில் இயற்கை அங்காடி திறந்திருக்கிறது. கடைத்தெரு விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் நஞ்சில்லாத பருப்பு கிடைக்கும் என்கிறார்கள். நானும் வாங்குகிறேன். மாதச் சம்பளம் வாங்குகிற கல்லூரி ஆசிரியை வாங்கலாம். அந்தப் பருப்பு வயலில் களையெடுத்த பெண் ரேஷன் கடையில்தான் நிற்பாள். நஞ்சில்லாத சோறு காசுள்ளவளின் சாமர்த்தியம் என்றாகிவிட்டால், காசில்லாதவளின் நோய் அவளுடைய அலட்சியம் என்றாகிவிடும். மறுபடியும் பப்பாளிதான்.

*

பொறுப்பு உண்மையில் யாருடையது என்று தெரிய, ஒரு மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும். போன வருஷம் வகுப்பில் அப்படித்தான் செய்தேன். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம், மருந்தைத் தொடாமல் கடைகளில் தரும் துண்டுப்பிரசுரத்தை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். பல மடிப்பாக மடித்த தாள். பல மொழிகளுக்கு நடுவே தமிழ். எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. முதுகலைத் தமிழ் மாணவிகள் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தார்கள். பாட்டிலின் மேல் முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், பச்சை. சிவப்பு என்றால் என்ன என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் முன்பு தெரியாதுதான். வயலில் கலக்குகிற பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நிலப்பட்டா ஆண் பெயரில். எனவே விவசாயி என்றால் ஆண். எனவே வேளாண்மைத் துறைக் கூட்டத்துக்கு அழைப்பும் ஆணுக்கு. பூச்சிமருந்துச் சட்டத்தின் விதிகள், மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்கின்றன. தன் வீட்டுத் தோப்பில் கூலியில்லாமல் முடிச்சுப் போடுகிறவள் தொழிலாளியும் அல்ல, விவசாயியும் அல்ல. சட்டத்தின் கண்ணில் அவள் அங்கே இல்லவே இல்லை. விடியும் முன் மல்லிகைத் தோட்டத்தில், முந்தின நாள் மருந்தடித்த செடியில் வெறுங்கையால் மொட்டுப் பறிக்கிறவளும் அப்படித்தான்.

1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு மருந்து ஆபத்தானது என்று மாநில அரசு முடிவு செய்தால்கூட, 60 நாளுக்குத்தான் தடுத்துவைக்கலாம், போனால் இன்னும் 30 நாள். தற்கொலைகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அப்படித்தான் 60 நாள் நிறுத்திவைத்தது. 2005இலேயே மோனோகுரோட்டோபாஸை இந்தியாவில் காய்கறிகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. ஆனால் பாட்டில் கடையில் இருந்தது. கத்தரிக்காய்க்கு ஆகாது, பருத்திக்கு ஆகும் என்றால் கடைக்காரர் பாட்டிலின் பின்னாலேயே வயலுக்குப் போய்ப் பார்ப்பாரா? பெருமளவில் விற்ற அந்த 36 சதவீத வடிவத்துக்கே முடிவு கட்டும் ஆணை 2023இல்தான் வந்தது. அப்போதும் கையிருப்பு தீர அவகாசத்தோடு. அமெரிக்காவில் அதன் பயன்பாடு 1980களிலேயே முடிந்துபோனது. இடைப்பட்ட வருஷங்களில் நம் வேர்கள் குடித்ததற்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

இன்னொன்று. 2024 ஏப்ரலில் ஹாங்காங் அரசு, இந்தியாவிலிருந்து போன சில மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தியது. அதே மாதம் நம்முடைய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு மசாலாப் பொருட்களில் இருக்கலாம் என்ற அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 மில்லிகிராமாக உயர்த்தியது. பத்து மடங்கு. ஒரு தாளில் ஒரு புள்ளியை நகர்த்துகிறார்கள். கோடிக்கணக்கான அடுக்களைகளில் சாம்பார்ப் பொடி ஒரே நாளில் சட்டப்படி பாதுகாப்பானதாகிவிடுகிறது. பெண்கள் இனி எத்தனை முறை அலசினாலும் அந்தப் புள்ளியை நகர்த்த முடியாது.

அரசு நினைத்தால் முடியாதா? பக்கத்து வங்கதேசத்தைப் பாருங்கள். கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் மண், தண்ணீர், பெயிண்ட் என்று தேடி, கடைசியில் மஞ்சள்தூளில் வந்து நின்றார்கள். நிறம் பளிச்சென்று இருக்க, ஆலைகளில் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தைப் பூசியிருந்தார்கள். பெண்ணுக்கு மங்கலம் என்று நாம் பூசுகிற, தாலிக்கயிற்றில் தேய்க்கிற அதே மஞ்சள். 2019இல் இது வெளிவந்ததும், கர்ப்பிணிகளே மஞ்சளைக் குறையுங்கள் என்று அந்த அரசு சொல்லவில்லை. மொத்தச் சந்தையில் சோதனை போட்டது, கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது, ஊரெங்கும் எச்சரிக்கை ஒட்டியது. 2019இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. வளம் குறைந்த ஒரு நாடு இரண்டு வருஷத்தில் செய்துகாட்டியது இது. அதே ஈயம் பாட்னாவின் மஞ்சளில் இருப்பதாக 2024இல் ஆய்வு வந்தது. நாம் இன்னும் மஞ்சள் தண்ணீரில் காயைக் கழுவச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*

மருந்து இல்லாமல் விளைச்சல் ஏது, பசியில் சாகச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2021இல் இலங்கை அரசு ஒரே இரவில் ரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்யத் தடைவிதித்து, விளைச்சல் சரிந்து, சில மாதங்களில் பின்வாங்கியது. மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களும் அதில் அடிவாங்கினார்கள். ஆண்கள் எடுத்த அவசர முடிவுக்கும் கூலி கொடுப்பவர்கள் பெண்களே. நான் கேட்பது அதுவல்ல. மாற்று இருக்கிற இடத்திலாவது கொடிய நஞ்சை விடுங்கள் என்கிறேன். தென்னையின் கருந்தலைப் புழுவுக்கு ஒட்டுண்ணிக் குளவிகளை விடலாம் என்று சொன்னதும் இதே வேளாண் விஞ்ஞானிகள்தான். காண்டாமிருக வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்த பானையைத் தோப்பில் வைத்தால் வண்டு தானே வந்து விழும். இந்த வேலைகளுக்குப் பொறுமையும் ஆளும் வேண்டும். ஊர்கூடிச் செய்ய வேண்டும். பாட்டில் விற்க ஊருக்கு நாலு கடை இருக்கிறது. குளவி கொண்டுவந்து கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கேட்ட பெண்களை என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 1962இல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய ரேச்சல் கார்சனைக் கல்யாணமாகாதவள், உணர்ச்சிவசப்படுகிறவள் என்றார்கள். அவர் மார்பகப் புற்றுநோயோடுதான் அந்தப் புத்தகத்தை முடித்தார். நோய் தெரிந்தால் அதைச் சொல்லியே புத்தகத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று மறைத்துவைத்தார். 1964இல் இறந்தார். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததை எதிர்த்து 1998இல் நீதிமன்றம் போனவர் லீலாகுமாரி அம்மா. வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்தவர். மருந்தைப் பரிந்துரைக்கும் துறையின் உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து, நிறுத்து என்றார். தடை வாங்கினார். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்பானைத் தடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை படுக்கையில் இருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மேலூர் வட்டத்துப் பெண்களுக்குத் தெருவுக்கு வரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2024 கடைசியில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும், ஊர் ஊராகப் பெண்கள் மந்தையில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. மலையைத் தோண்டப்போகிறார்கள் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. வேரில் கட்டிய பை மண்ணுக்குள் இருக்கிறது. கரு கலைவது கதவுக்குப் பின்னால் நடக்கிறது. வீட்டு விஷயம் என்று நம்மை நம்பவைத்திருப்பதால் மந்தைக்கு வராமல் இருக்கிறோம். அதுவும் சுரங்கம்தான். நம் உடம்புக்குள் தோண்டுகிறார்கள்.

ஆகவே இனி அலசுவதோடு கேட்கவும் செய்வோம். கிராம சபையில் எழுந்து, இந்த ஊரில் என்னென்ன மருந்து விற்கிறது, அதில் சிவப்பு முக்கோணம் எத்தனை என்று கேட்போம். உழவர் சந்தையில் காயைச் சோதித்த முடிவைத் தமிழில் எழுதிப் பலகையில் வைக்கச் சொல்வோம். களையெடுப்பவளையும் முடிச்சுப் போடுபவளையும் விவசாயி என்று பதிவு செய்யச் சொல்வோம். கரு கலைந்து வரும் பெண்ணிடம் என்ன தின்றாய் என்பதோடு, என்ன வேலை செய்கிறாய், கையில் எதைத் தொடுகிறாய் என்றும் கேட்டு எழுதிவைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்போம். எழுதிவைத்தால்தான் பத்து வருஷம் கழித்து ஆதாரம் இருக்கும். நம்மிடம் தொப்புள்கொடிப் பெட்டிகள் இல்லை.

போன தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது மதினியிடம் அந்த வாளியைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவே இல்லை. தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மருந்து நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு தாயி. பை கட்டுன அன்னைக்கெல்லாம் தலையச் சுத்தும், வாந்தி வரும். முழுகாம இருக்கேன்ல, அதான்னு நெனச்சுக்குவேன்" என்றாள். ஏன் மதினி அப்பவே சொல்லவில்லை என்றேன்.

"யாரு கேட்டீக?" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.